பப்புன்யா ஊர் வரலாறு: ஆண்டுகளும் பெயர்களும் ஒன்றோடொன்று முட்டுகின்றன, எப்படி அவிழ்ப்பது?

வெண்மணல் (கேள்வி):

வணக்கம். ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே சுமார் 240 கி.மீ. தள்ளி இருக்கும் பப்புன்யா என்ற பூர்வகுடி ஊரைப் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதுகிறேன். புள்ளி ஓவியம் பிறந்த ஊர் என்று ஒரே வரியில் எல்லோரும் கடந்துபோகிற இடம் அது. எனக்கு ஓவியத்தைவிட ஊர் முக்கியம். ஆனால் படிக்கப் படிக்கச் சிக்கல் கூடுகிறது.

ஊர் தோன்றியது 1930களில் என்று ஒருவர் எழுதுகிறார், 1950களில் என்கிறார் இன்னொருவர், வேறொரு இடத்தில் 1959 என்றே இருக்கிறது. எதை எடுப்பது?

1981இல் மக்களில் ஒரு பகுதியினர் ஊரைவிட்டு மேற்கே கின்டோருக்குப் போய்விட்டார்கள். வீடும் பள்ளியும் மருந்தகமும் இருந்த இடத்தை விட்டு ஏன் பாலைக்குள் திரும்பினார்கள்? 1984இல் செய்தித்தாள்கள் 'தொலைந்துபோன கூட்டம்' என்று எழுதிய ஒன்பது பேருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பெயர்கள்தான் பெரிய தலைவலி. பாதிப் பேர் ஜப்பல்ஜாரி. எல்லோரும் ஒரே குடும்பமா? கின்டோருக்குப் போன இனத்தின் பெயரே ஓரிடத்தில் பின்டுபி, ஓரிடத்தில் பிந்துபி, பழைய கோப்பில் பிண்டுபூ.

கட்டுரையோடு ஓவியங்களையும் பழைய ஒளிப்படங்களையும் போடலாமா?

கிணற்றடி:

நீங்கள் சொன்ன மூன்று காலமும் சரிதான். மூன்றும் வேறு வேறு சங்கதியைச் சொல்கின்றன. 1930கள், மேற்குப் பாலை மக்கள் தம் நிலத்தை விட்டுக் கிழக்கே கூட்டமாக வரத் தொடங்கிய காலம். 1950கள், பப்புன்யாவில் அரசு ஆழ்துளைக் கிணறு போட்டுச் சில கட்டடங்களை எழுப்பிய காலம். 1959, குடியிருப்பு முறையாக இயங்கத் தொடங்கிய ஆண்டு. 'நிறுவப்பட்டது' என்று ஒரே வினைச்சொல்லை மூன்றுக்கும் போட்டால் முட்டத்தான் செய்யும். 'வரத் தொடங்கினர்', 'கிணறு தோண்டப்பட்டது', 'குடியேற்றப்பட்டனர்' என்று பிரித்து எழுதுங்கள், சிக்கல் தீர்ந்துவிடும்.

இந்த ஊரின் கதையைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு படித்தால் ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் கிடைக்கும்.

பின்டுபி மக்களின் நிலத்தில் ஓடும் ஆறு கிடையாது. பாறைக்குழிகளில் தேங்கும் மழைநீர், மணலைத் தோண்டினால் ஊறும் ஊற்று, இவைதான். ஒரு பாறைக்குழி சில குடும்பங்களைச் சில வாரம் தாங்கும். மழை பெய்தால் பரந்து போவார்கள், காய்ந்தால் வற்றாத ஊற்றை நோக்கிச் சுருங்குவார்கள். அந்தக் கணக்கில் கால்நடைப் பண்ணைகள் நுழைந்தன. மாடுகள் ஊற்றை மிதித்துச் சேறாக்கிவிட்டால் அந்த ஊற்றை நம்பி நடந்து வருகிறவருக்கு அடுத்த தண்ணீர் எத்தனையோ நாள் நடையில். 1924 முதல் 1929 வரை கடும் வறட்சி. 1928இல் கொனிஸ்டன் பண்ணைப் பகுதியில் காவல்துறை தலைமையிலான குழு நடத்திய படுகொலை. அரசுக் கணக்கே 31 பேரைச் சொல்கிறது, உண்மை எண்ணிக்கை அதைவிட அதிகம். பஞ்சமும் பயமும் சேர்ந்து மக்களை இடம்பெயர்த்தன.

அவர்கள் போன முதல் இடம் ஹெர்மன்ஸ்பர்க், 1877இல் லூதரன் மிஷன் அமைத்த ஊர். அங்கும் அதே தண்ணீர்ப் பாடு. வறட்சியில் காய்கறி இல்லாமல் ஸ்கர்வி நோய் கண்டு குழந்தைகள் பலர் இறந்தார்கள். 1935இல் கபோரில்யா ஊற்றிலிருந்து குழாய் போட்ட பிறகே மிஷனுக்குத் தோட்டம் வாய்த்தது. அதற்கும் மேற்கே, ஹாஸ்ட்ஸ் பிளஃப் என்ற இடத்தில் 1940களின் தொடக்கத்தில் பூர்வகுடி ஒதுக்கு நிலமும் மாவு, சர்க்கரை, தேயிலை வழங்கும் கிடங்கும் வந்தன. ரேஷன் கொடுக்கும் இடத்தில் மக்கள் தங்கினார்கள். தங்கிய கூட்டத்துக்கு அங்கிருந்த தண்ணீர் போதவில்லை. பப்புன்யாவில் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் கிடைத்தது. எனவே 1959இல் அங்கே.

இதைச் சொல்லும்போது ஒரு பிழை எளிதில் வந்துவிடும்: 'வெற்றிடத்தில் அரசு உருவாக்கிய ஊர்' என்று எழுதிவிடுவோம். பப்புன்யா தேன் எறும்பின் தலம். முல்கா மரத்தடியில் மண்ணுக்குள் வாழும் அந்த எறும்புகளில் சில, வயிறு திராட்சைப்பழம் அளவுக்கு உப்பித் தேனைச் சேர்த்து வைத்துக்கொண்டு அறையின் கூரையில் தொங்கும். பெண்கள் மரத்தடியில் சிறு துளையைக் கண்டுபிடித்து ஆள் மறையும் ஆழம்கூடத் தோண்டி எடுப்பார்கள். அந்த எறும்பின் வழிகள் வந்து கூடும் இடம் என்று அந்த நிலத்துக்கு உரியவர்கள் காலங்காலமாகப் போற்றிவந்த இடம் அது. இடம் பழையது, குடியிருப்பு புதியது. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

1959க்குப் பிறகு என்ன ஆனது என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். 1958 முதல் 1965 வரை மறுபடி நீண்ட வறட்சி. அதே காலத்தில் தெற்கே வூமராவிலிருந்து ஏவப்படும் ஏவுகணைகளின் பாதை மேற்குப் பாலைக்கு மேலே போனது. அதற்காக நிலஅளவையர் லென் பீடலின் குழு மணல்மேடுகளுக்கு நடுவே சாலை வெட்டியது. ஜெரமி லாங் போன்ற அரசு ரோந்து அதிகாரிகள் 1957 முதல் பின்டுபி நிலத்துக்குள் போய்வந்தார்கள். 1960களின் நடுப்பகுதிக்குள் பாலையில் எஞ்சியிருந்த பெரும்பாலோர் லாரிகளில் பப்புன்யாவுக்கு வந்துவிட்டார்கள். முன்பின் அறியாத தொற்றுநோய்களில் வந்த சில மாதங்களிலேயே பலர் இறந்தார்கள். பின்டுபி மக்களின் நினைவில் பப்புன்யா முதலில் அந்தச் சாவுகளின் ஊர். 'ஏன் திரும்பினார்கள்' என்று கேட்கும்போது இதை முன்னால் வைக்க வேண்டும்.

அப்புறம் 1968. பண்ணைத் தொழிலில் பூர்வகுடித் தொழிலாளருக்கும் சமகூலி என்ற தீர்ப்பு அந்த ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் பல பண்ணைக்காரர்கள் கூலி கொடுப்பதற்குப் பதில் ஆட்களைக் குடும்பத்தோடு வெளியேற்றினார்கள். அவர்களில் பலர் அரசுக் குடியிருப்புகளில் வந்து சேர்ந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் பப்புன்யாவில் ஆயிரம் பேருக்கு மேல்: பின்டுபி, லூரிச்சா, வார்ல்பிரி, அன்மச்சர், அரண்டா என்று ஐந்து மொழிக்காரர்கள். பொதுச் சமையற்கூடத்தில் வரிசையில் நின்று சாப்பாடு. நிலத்துக்கு உரியவர் வேறு, அங்கே அடைபட்டவர் வேறு. பாலை வழக்கில் அடுத்தவர் நிலத்தில் இருப்பவர் எதற்கும் தலை குனிந்துதான் இருக்க வேண்டும். பின்டுபி மக்கள் ஊரின் மேற்கு ஓரத்தில், தம் நாட்டைப் பார்த்த பக்கமாகவே முகாம் போட்டிருந்தார்கள்.

திரும்பிப் போனது ஒரே நாளில் நடந்ததல்ல. 1973இல் முதலில் 42 கி.மீ. மேற்கே யாயாயி. ஒரு கிணறு, ஒரு லாரி, கூடாரங்கள். பிறகு சிறுசிறு புறமுகாம்கள். 1976இல், பப்புன்யா அடங்கிய வட பிரதேசத்துக்கு நிலவுரிமைச் சட்டம் வந்து ஒதுக்கு நிலம் பூர்வகுடி அறக்கட்டளையின் கைக்கு மாறியது; அதை யாருக்கும் விற்க முடியாது. 1981இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 530 கி.மீ. மேற்கே கின்டோர். அதன் பூர்வகுடிப் பெயர் வலுங்குரு. அடுத்த சில ஆண்டுகளில் மேற்கு ஆஸ்திரேலிய எல்லைக்குள் கிவிர்குரா, ஆலிஸிலிருந்து 700 கி.மீ. ஒவ்வொரு அடியும் கிணறு இருக்கும் தூரம் வரைதான். கின்டோரிலும் முதலில் துளை போட்டுத் தண்ணீர் வருமா என்று பார்த்த பிறகே போனார்கள்.

1984 அக்டோபரில் வெளியே வந்த ஒன்பது பேர் வில்கின்கரா என்ற உப்பேரிப் பக்கம் வாழ்ந்த பின்டுபி குடும்பம். அவர்கள் எங்கும் தொலையவில்லை. கிவிர்குராவில் ஊர் அமைந்ததால் சொந்தக்காரர்கள் மறுபடி அந்த நிலத்துக்கு வந்திருந்தார்கள். அந்தச் சொந்தக்காரர்களைத்தான் அவர்கள் சந்தித்தார்கள். 'தொலைந்துபோன கூட்டம்' என்ற சொல்லைக் கட்டுரையில் மேற்கோளாகக்கூடப் போடாமல் விட்டால் நல்லது.

மூன்றுசுழி:

பெயர்ச் சிக்கலுக்கு வருகிறேன்.

ஜப்பல்ஜாரி குடும்பப் பெயர் அல்ல. அது பிறப்பால் வரும் உறவுப் பிரிவின் பெயர். மொத்தம் எட்டுப் பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயர், ஆகப் பதினாறு. ஆண் பெயர் ஜகரத்தில் தொடங்கும், பெண் பெயர் நகரத்தில்: ஜப்பல்ஜாரி–நப்பல்ஜாரி, ஜுங்குராயி–நுங்குராயி, ஜகமரா–நகமரா, ஜுப்புருலா–நப்புருலா, ஜங்கலா–நங்கலா, ஜம்பிஜின்பா–நம்பிஜின்பா, ஜப்பனங்கா–நப்பனங்கா, ஜப்பங்கதி–நப்பங்கதி. ஜுப்புருலாவின் சகோதரி நப்புருலா, நுப்புருலா அல்ல. பலர் வழுக்கும் இடம் அது.

அப்பாவும் பிள்ளையும் ஒரே பிரிவில் இருப்பதில்லை. ஜுங்குராயியின் பிள்ளைகள் ஜப்பல்ஜாரி, நப்பல்ஜாரி. அந்த ஜப்பல்ஜாரியின் பிள்ளைகள் திரும்ப ஜுங்குராயி, நுங்குராயி. தாத்தாவின் பெயர் மகன் வழிப் பேரனுக்கு வந்துவிடுகிறது. பேரன் என்பதே பெயரன்தான் என்று அறிந்த தமிழ் வாசகருக்கு இதைவிட எளிதாக விளக்க வேறு வழி தேவையில்லை.

ஆனால் நம் முறையை அப்படியே அங்கே ஏற்றிவிடாதீர்கள். ஜப்பல்ஜாரி ஒருவர் மணக்க வேண்டியது நகமராவை. அவருடைய அத்தை நுங்குராயி, அவள் கணவன் ஜங்கலா, அவர்கள் மகள் நம்பிஜின்பா. தாய்மாமனும் ஜங்கலாதான், அவர் மகளும் நம்பிஜின்பாதான். ஆக அத்தை மகளும் மாமன் மகளும் அங்கே முறைப்பெண் அல்ல. பல கட்டுரைகள் 'நம்மைப் போலவே' என்று எழுதிக் கோட்டைவிடுவது இங்கேதான்.

இதனால் நடைமுறையில் என்ன? ஒருவரைக் குறிப்பிடும்போது பிரிவுப் பெயரை மட்டும் போட்டு 'ஜப்பல்ஜாரி கூறினார்' என்று எழுதினால் ஊரில் எட்டில் ஒரு பங்கு ஆண்களைச் சொன்னதாகிவிடும். முழுப்பெயரை எழுதுங்கள். அகர வரிசைப் பட்டியலில் பிரிவுப் பெயரின் கீழ் அடுக்காதீர்கள்.

இறந்தவர் பெயர் இன்னொரு கண்ணி. ஒருவர் இறந்ததும் அவர் பெயரைச் சொல்வதை நிறுத்துவார்கள். அதே பெயர் உடைய உயிரோடிருப்பவரையும் 'குமன்ஜாயி' என்று அழைப்பார்கள். பெயரைப் போல ஒலிக்கும் சாதாரணச் சொல்லையே மாற்றிவிடுவதும் உண்டு. சில ஆண்டுகள் கழித்துக் குடும்பம் சம்மதித்தால் பெயர் திரும்பும். ஆகவே ஒரே ஆள் 1958 கோப்பில் ஒரு பெயரிலும் 1966இல் வேறு பெயரிலும் வருவார். இரண்டு பேர் என்று எண்ணிவிடாதீர்கள். பிரிவுப் பெயர், பிறந்த நீர்நிலை, உடன்பிறந்தோர் மூன்றையும் ஒப்பிட்டால் பிடிபடும். கட்டுரையின் தலைப்பிலேயே, மறைந்தவர்களின் பெயர்கள் உள்ளே இருக்கின்றன என்று ஓர் அறிவிப்பு போடுங்கள். ஆஸ்திரேலியாவில் தொலைக்காட்சிகூட அதைச் செய்கிறது.

எழுத்துக்கூட்டல்: பின்டுபி மொழியில் ப என்பதற்கும் அதன் அதிர்வொலிக்கும் பொருள் வேறுபாடு கிடையாது. நம் மொழியில் ஒரே 'ப' இடத்துக்கேற்ப இரண்டு விதமாக ஒலிப்பதைப் போல. ஆங்கில அதிகாரிகள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், அதனால் ஒரே பெயருக்கு நான்கு வடிவம். நாவை மடித்துச் சொல்லும் ட, ண, ள மூன்றும் அந்த மொழியில் தனி எழுத்துகள். ரோமன் எழுத்தில் அவற்றைக் காட்ட அடிக்கோடு போடுகிறார்கள். அடிக்கோடிட்ட 'ர' கிட்டத்தட்ட நம் ழகரம். ஆங்கிலச் செய்தித்தாள்கள் அடிக்கோட்டை விட்டுவிடும், அதைப் பார்த்துத் தமிழில் எழுதினால் ளகரம் லகரமாகிவிடும். அந்த மொழியின் அகராதியில் அடிக்கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பப்புன்யா என்பதில் இருப்பது ஞகரம், கடைசி உயிர் குறில்: 'பப்புஞ' என்றால் ஒலிக்கு இன்னும் நெருக்கம். வழக்கில் இருப்பதை ஒரு முறை சொல்லிவிட்டு நீங்கள் விரும்பியதைப் பயன்படுத்தலாம்.

'கனவுக்காலம்' என்ற மொழிபெயர்ப்பை விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். அங்கே சொல்கிற 'ஜுகுர்பா' தூங்கும்போது காண்பதல்ல, முடிந்துபோன காலமும் அல்ல. நிலம், அதை ஆக்கிய மூதாதை, அதைக் காப்பதற்கான சட்டம் மூன்றும் சேர்ந்தது. தலபுராணம் என்ற சொல்லாவது இடத்தோடு ஒட்டி நிற்கிறது. பொருத்தம் முழுமையல்ல, ஜுகுர்பா என்றே எழுதி ஒரு வரி விளக்கம் கொடுப்பது உத்தமம்.

கோப்புக்கட்டு:

ஆவணம் தேடுகிறவர்கள் ஏமாறுவதற்கு முதல் காரணம், வட பிரதேசத்தின் ஆட்சி இரண்டு முறை கைமாறியிருப்பது. 1911 வரை தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆட்சி, அந்தக் கோப்புகள் அடிலெய்டில். 1911 ஜனவரி முதல் 1978 ஜூன் வரை மத்திய அரசு, அந்தக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில். 1978 ஜூலை 1 முதல் பிரதேசத்துக்குத் தன்னாட்சி, அதன்பின் வந்தவை பிரதேச ஆவணக் காப்பகத்தில். கிவிர்குரா மேற்கு ஆஸ்திரேலியாவில் இருப்பதால் அதன் கோப்புகளுக்குப் பெர்த். மிஷன் கடிதங்கள் அடிலெய்டில் உள்ள லூதரன் காப்பகத்தில், பழையவை ஜெர்மன் மொழியில்.

தேடுசொல் முக்கியம். 1959க்கு முந்தைய காலத்துக்குப் 'பப்புன்யா' என்று தேடினால் கிடைப்பது சொற்பம். ஹாஸ்ட்ஸ் பிளஃப் என்று தேடுங்கள், இக்குன்ஜி என்ற பெயரிலும் தேடுங்கள். ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பெரும்பாலான செய்தித்தாள்கள் 1954 வரைதான் இருக்கின்றன. பப்புன்யாவுக்கு அது உதவாது. விதிவிலக்கு கான்பெர்ரா டைம்ஸ், 1995 வரை இருக்கிறது. கடைசியாக ஒரு பள்ளம்: 2008 ஜூலையில் சிற்றூர் மன்றங்கள் எல்லாம் பெரிய வட்டார மன்றங்களோடு இணைக்கப்பட்டன. பப்புன்யா மெக்டொனல் மன்றத்துக்குள் போனது. ஊர் மன்றக் குறிப்பேடுகளைத் தேடும்போது இந்த ஆண்டை நினைவில் வையுங்கள்.

அரசுக் கோப்பு அரசு பார்த்ததைத்தான் சொல்லும். 1953இல் இயற்றி 1957இல் நடைமுறைக்கு வந்த நலச் சட்டத்தின்கீழ் பிரதேசத்தின் பூர்வகுடிகள் ஏறத்தாழ அனைவரும் 'பாதுகாப்பில் உள்ளோர்' என்று ஒரே பதிவேட்டில் சேர்க்கப்பட்டார்கள். எங்கே வசிப்பது, யாரை மணப்பது என்பதுவரை அதிகாரியின் அனுமதி. அந்த ஏற்பாடு 1964இல்தான் நீங்கியது. அந்தப் பதிவேட்டில் வயதும் பெயரும் மதிப்பீடுகள். பிறந்த ஆண்டு 'சுமார்' என்று போடாமல் எழுதாதீர்கள். பலருக்கு ஜனவரி 1 அல்லது ஜூலை 1 பிறந்தநாளாக இருப்பது எழுத்தர் போட்டது.

மறுபக்கத்தைக் கேட்க வேண்டுமென்றால், பப்புன்யா பள்ளியே ஊர்க்காரர்களின் சொல்லைக் கேட்டுத் தன் ஊரின் வரலாற்றை 2001இல் புத்தகமாக்கியிருக்கிறது. அதிலிருந்து தொடங்கிவிட்டு அரசுக் கோப்புக்குப் போங்கள். வரிசையை மாற்றினால் கட்டுரை அதிகாரியின் குரலில் வந்துவிடும்.

தமிழில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிழை: 'பூர்வகுடிகளுக்கு 1967இல் ஓட்டுரிமை கிடைத்தது.' மத்தியத் தேர்தலில் ஓட்டுரிமை 1962இல் வந்துவிட்டது. 1967 மே 27 பொதுவாக்கெடுப்பு வேறு: பூர்வகுடிகளுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது, மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற பிரிவு நீங்கியது. 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு.

வெண்மணல்:

மூவருக்கும் நன்றி. தண்ணீர் வழியாகவே கட்டுரையை மாற்றி அடுக்குகிறேன். மறைந்தவர் அறிவிப்பைத் தலைப்பின் கீழேயே போட்டுவிடுகிறேன். ஓவியம் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. 1971இல் பப்புன்யா பள்ளிச் சுவரில் வரைந்த ஓவியம் ஊரின் வரலாற்றில் உண்மையிலேயே அவ்வளவு பெரியதா, அல்லது வெளியார் ஊதிப் பெருக்கியதா?

மண்நிறம்:

பெரியதுதான், ஆனால் காரணம் வேறு.

1971 தொடக்கத்தில் ஜெஃப்ரி பார்டன் பள்ளிக்கு ஓவிய ஆசிரியராக வந்தார். அந்த ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பள்ளிச் சுவர்களில் மூத்தவர்கள் வரைந்தார்கள். முதன்மையானது தேன் எறும்பின் ஜுகுர்பா. இதில் கவனிக்க வேண்டியது அனுமதி. பல இனத்தார் கூடிய ஊரில், அந்தத் தலத்துக்கு உரியவர்கள் ஒப்புக்கொள்ளாமல் தேன் எறும்பை யாரும் வரைந்துவிட முடியாது. அவர்கள் கூடிப் பேசி, எதைப் பொதுவில் காட்டலாம் என்று முடிவு செய்தார்கள். முதலில் வரைந்த எறும்பு வெள்ளைக்காரர் வரையும் எறும்பைப் போல இருந்ததால் அதை அழித்துவிட்டுத் தங்கள் மரபுக் குறியீட்டால் மாற்றினார்கள். அரசுக் கட்டடத்தின் சுவரில் அந்த மண்ணின் சட்டம் ஏறியது. 1974இல் பராமரிப்பு வேலை என்று அதன் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். இன்று ஒளிப்படம் மட்டும்தான்.

சுவரோடு நிற்காமல் கையில் கிடைத்ததில் எல்லாம் வரைந்தார்கள்: ஒட்டுப்பலகைத் துண்டு, மரத்தூள் அட்டை, தரை ஓடு. பொடி வண்ணத்தைப் பாண்ட்கிரீட் என்ற கட்டடப் பசையில் குழைத்தார்கள். காரைக்குப் பயன்படும் பசை அது. விளைவு: பல பலகைகளில் வண்ணம் உரிகிறது, அட்டை ஈரம் குடித்து ஓரம் உப்புகிறது. மூலைகளில் ஆணித் துளை இருந்தால் அது பலகையின் முந்தைய வாழ்க்கை. கித்தானும் அக்ரிலிக்கும் பின்னர்தான் வந்தன. 1971 ஆகஸ்டில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நடந்த கால்டெக்ஸ் ஓவியப் பரிசை காப்பா ஜம்பிஜின்பா இன்னொருவரோடு பகிர்ந்து பெற்றார். 1972இல் ஓவியர்களே பங்குதாரர்களாகப் பப்புன்யா டூலா நிறுவனம்.

இப்போது உங்கள் படக் கேள்வி. இரண்டு தடைகள் உண்டு, இரண்டும் தனித்தனி.

முதலாவது வழக்கம். முதல் இரண்டு ஆண்டுப் பலகைகள் சிலவற்றில் சடங்குக்கு உரிய, சடங்குக்கு உட்படாத ஆண்களும் பெண்களும் பார்க்கக் கூடாத பொருள்கள் வரையப்பட்டன. வெளியே காட்சிக்கு வைத்தபோது மற்றக் குழுக்களின் ஆண்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதன்பிறகு ஓவியர்கள் அந்த வடிவங்களை விலக்கினார்கள், அல்லது மேலே புள்ளிகளால் மூடினார்கள். இணையத்தில் படம் கிடைக்கிறது என்பதற்காக 1971, 1972 பலகை எதையும் போடாதீர்கள். அருங்காட்சியகங்களே பலவற்றைப் பூட்டி வைத்திருக்கின்றன.

இரண்டாவது காப்புரிமை. ஆஸ்திரேலியச் சட்டப்படி ஓவியர் இறந்து 70 ஆண்டு வரை. பப்புன்யா ஓவியர் எவருடைய படைப்பும் இன்னும் பொதுவுடைமை ஆகவில்லை. கித்தானை வாங்கியவரிடம் காப்புரிமை இல்லை, ஓவியரின் குடும்பத்திடம்தான் இருக்கிறது. சிற்றிதழுக்கும் உரிமம் வேண்டும். எந்த ஓவியம், எத்தனை படி, இணையத்தில் வருமா, எந்த அளவில் என்று நான்கையும் எழுதிக் கேளுங்கள். படத்தை வெட்டவோ மேலே எழுத்துப் போடவோ கூடாது. கிடைக்கவில்லை என்றால் நிலப்படம் ஒன்றைப் போடுங்கள். ஹாஸ்ட்ஸ் பிளஃப், பப்புன்யா, யாயாயி, கின்டோர், கிவிர்குரா ஐந்தையும் மக்கள் நகர்ந்த வரிசையில் குறித்தால் அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஊர் வரலாறு என்பதால் இதையும் சேருங்கள்: பின்டுபி ஓவியர்கள் மேற்கே போனதும் நிறுவனமும் அவர்கள் பின்னால் கின்டோருக்கும் கிவிர்குராவுக்கும் போய்விட்டது. ஊரின் பெயரைச் சுமந்த நிறுவனம் ஊரில் இல்லை. பப்புன்யாவில் தங்கியவர்களுக்குத் தங்கள் ஊரிலேயே ஓர் ஓவியக்கூடம் அமைந்தது 2007இல்தான். பப்புன்யா ஜுப்பி. ஜுப்பி என்றாலும் தேன் எறும்புதான்.

வடிகட்டி:

1981இல் கட்டுரையை முடித்துவிடாதீர்கள். திரும்பிப் போனவர்கள் ஊரில் தங்க முடிந்ததா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

சிறுநீரகம் செயலிழந்தால் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலைந்து மணி நேரம் டயாலிசிஸ். கின்டோர்க்காரருக்கு அருகிலிருந்த இயந்திரம் 530 கி.மீ. தள்ளி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில். போய்வர முடியாது, அங்கேயே தங்க வேண்டும், சாகும்வரை. முதியவர்கள் போனால் நிலத்தின் பாட்டும் சடங்கும் அவர்களோடு போகின்றன. மறுபடியும் மக்கள் கிழக்கே இழுக்கப்பட்டார்கள்.

அரசிடம் நிதி வராத நிலையில் கின்டோர், கிவிர்குரா ஓவியர்கள் நான்கு பெரிய கூட்டு ஓவியங்கள் வரைந்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று. 2000 நவம்பரில் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் ஓவியக்கூடத்தில் ஏலம். மற்ற ஓவியங்களோடு சேர்த்துப் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வந்தது. 2004இல் கின்டோரில் டயாலிசிஸ் தொடங்கியது.

இங்கேயும் தண்ணீர்தான் முடிச்சு. இயந்திரத்துக்குள் நிமிடத்துக்கு 500 மி.லி. கரைசல் ஓடும், நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அது முழுக்கத் தூய நீராக இருக்க வேண்டும். பாலை ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் உப்பும் அதிகம். முதலில் மண்ணைப் பிடிக்கும் வடிகட்டி, அடுத்து மென்னீராக்கி, பிறகு குளோரினை எடுக்கக் கரி வடிகட்டி, கடைசியில் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.). மென்னீராக்கியில் உப்பு தீர்ந்தால் சவ்வில் சுண்ணாம்பு படிந்து அடைக்கும். கரி தேய்ந்துபோனால் குளோரின் இரத்த அணுக்களை உடைக்கும், அது உயிருக்கே ஆபத்து. சவ்வு கழிக்கும் நீரையும் கணக்கிட்டால் கிணற்றிலிருந்து எடுப்பது 120 லிட்டரைவிட மிக அதிகம். இவை அனைத்துக்கும் தடையில்லா மின்சாரம் வேண்டும், அதுவும் வெயில் 40 பாகை தாண்டும் ஊரில். ஒரு செவிலியர் விடுப்பில் போய் மாற்று ஆள் வராவிட்டால் நோயாளிகள் மறுபடி நகரத்துக்கு.

வெண்மணல்:

முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன், பாருங்கள்:

'தேன் எறும்பின் தலமான பப்புன்யாவில் அரசு 1950களில் ஆழ்துளைக் கிணறு தோண்டியது. 1930களிலிருந்தே பஞ்சத்தாலும் பயத்தாலும் கிழக்கே வந்த மக்கள், ஹாஸ்ட்ஸ் பிளஃபில் தண்ணீர் போதாமல், 1959இல் இங்கே குடியேறினர். 1981இல் அவர்கள் தங்கள் நிலமான கின்டோருக்குத் திரும்பினர்.'

கிணற்றடி:

இரண்டு திருத்தம். 'குடியேறினர்' வேண்டாம், 'குடியேற்றப்பட்டனர்'. கடைசி வரியில் 'அவர்கள்' என்றால் எல்லோரும் போய்விட்டதாக ஆகும். போனவர்களில் பெரும்பாலோர் பின்டுபி. லூரிச்சா மக்களும் மற்றவர்களும் பப்புன்யாவிலேயே இருக்கிறார்கள், சில நூறு பேர். பள்ளியும் அங்கேயே நடக்கிறது.

மூன்றுசுழி:

கின்டோர் என்று வரும் முதல் இடத்தில் வலுங்குரு என்பதையும் சேர்த்துவிடுங்கள்.